பனியன் சாரின் மூக்கு

பூனாவில் பனியன் போடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். பனியனைப் புதைத்து, அது மக்கிக் காணாமல் போனால் வீட்டில் பாயசம் வைக்கச் சொல்லி, மக்காமல் முழுசாகக் கிடைத்தால் சாப்பிடாமல் எழுந்து போனவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் குடியிருப்பில், எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் வாசற்கதவில் பித்தளையில் மின்னும். ஆனால் வாட்ச்மேன் முதல் பால் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் பனியன் சார். பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள்.

வங்கியில் மாற்றல் வந்து நானும் என் கணவரும் திருச்சியிலிருந்து பூனாவின் லோஹேகாவ் பகுதிக்குக் குடிவந்த புதிது. பக்கத்திலேயே விமானப்படைத் தளம். போர் விமானம் தலைக்கு மேல் போகும்போது பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்து, அது போனதும் மீதியைச் சொல்ல வேண்டும். அந்த ஊர்ப் புருஷன் பெண்டாட்டி சண்டைகளெல்லாம் அதனாலேயே நீர்த்துப் போய்விடும்.

ஒருநாள் காலை காபி டம்ளருடன் பின்பக்கத்து பால்கனிக்கு வந்தேன். கீழே புல்தரையில் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பெல்ட், பாலிஷ் போட்ட ஷூ. ஒரு சின்னக் குழி தோண்டினார். பையிலிருந்து பிரிக்காத அட்டைப்பெட்டியை எடுத்தார். அதற்குள்ளிருந்து புத்தம்புது வெள்ளை பனியன். அதை உதறி, சுருக்கம் நீவி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். மேலே ஒரு குச்சியை நட்டுவிட்டு, தலைகுனிந்து கொஞ்ச நேரம் நின்றார். மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. என் கணவரை எழுப்பிக் காட்டினேன். ஊருக்குப் புதுசு, எதையும் பார்க்காத மாதிரி இருந்துவிடு என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரமே லிப்டில் அவரிடம் மாட்டிக்கொண்டேன். நானும் என் கணவரும் பேசுவதைக் கேட்டுத் திரும்பி, "ஏனுங்க, தமிழுங்களா? எந்த ஊருங்க?" என்றார். திருச்சி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "காவேரி வண்டலுங்க. குடுத்து வெச்சவங்க நீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் பெயரை அவர் கேட்கவில்லை. யார் பெயரையும் கேட்பதில்லை என்று போகப்போகப் புரிந்தது. மனிதர்களை அவர் மண்ணை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார். சாத்தாராக்காரரான குடியிருப்புச் செயலாளர் அவருக்குக் கரிசல். இரண்டாம் மாடியின் ரத்னகிரிக் குடும்பம் செம்புறை, செங்கல்போல இறுகிய கடலோர மண். அவருடைய மனைவியின் ஊர் பொள்ளாச்சிப் பக்கம், செம்மண். 'செம்மண்ணுக்குக் கோபம் சீக்கிரம் வரும், ஆனா வடிகால் நல்லா இருக்கும்' என்று அவரைப் பற்றிச் சொல்வார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. பனியன் சாருக்குச் சொந்த ஊர் திருப்பூர். பூனாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். ஆராய்ச்சிக்கூடம்தான் அவருக்கு ஓய்வு கொடுத்தது, அவர் மண்ணுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. சுத்தமான பருத்தித் துணியைப் புதைத்துவிட்டுச் சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், அந்த மண்ணில் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடுமாம். நுண்ணுயிர் நிறைய இருந்தால் துணியைத் தின்றுவிடும். அக்காவின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். பெட்டி பெட்டியாக அனுப்புவார். "என்ற தம்பி கேக்கறான், மாமனுக்கு எத்தனை உடம்புன்னு" என்று அக்கா அலுத்துக்கொள்வார்.

குடியிருப்பில் எல்லோரும் என்னைப்போல அக்காவிடம் விசாரிக்கவில்லை. யாரோ சூனியம் என்றார்கள். யாரோ முதல் தளத்துக்காரருக்கு மூட்டுவலி வந்ததே அதனால்தான் என்றார்கள். செயலாளர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கூட்டம் போட்டுத்தான் தீர்ப்பார். பொதுக்குழு கூடியது. குற்றச்சாட்டை ஹிந்தியில் வாசித்தார். பனியன் சார் எழுந்தார். பையிலிருந்து ஒரு தாம்பாளத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் ஒரு கழுத்துப்பட்டைத் தையலும், கம்பெனி லேபிளும், இடையில் நைந்த நூலிழைகளும் கிடந்தன. இது குல்மொஹர் மரத்தடியில் புதைத்தது என்றார். மரத்தின் சருகு விழுந்து விழுந்து அங்கே மண் உயிரோடு இருக்கிறது, துணியை மிச்சம் மீதியில்லாமல் தின்றுவிட்டது, நைலான் தையல் மட்டும்தான் பாக்கி என்று விளக்கினார். அவருடைய ஹிந்தி கோயமுத்தூர் வழியாகப் பூனா வந்த ஹிந்தி. பாதி பேருக்குப் புரியவில்லை, ஆனாலும் சபை அமைதியாகக் கேட்டது.

அப்படியென்றால் நாம் மருந்தடித்துப் பராமரிக்கிற புல்தரையில் புதைத்த பனியன் எங்கே என்று செயலாளர் மடக்கினார். பனியன் சார் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சூனியப் பேச்சு நின்றது. மறுநாள் காலை செயலாளர் தன் வீட்டுத் துளசித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இதில் உயிர் இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். தொட்டி சின்னதாக இருந்ததால் கைக்குட்டை புதைக்கச் சொன்னார்.

பனியன் சாருடைய உண்மையான கருவி பனியன் இல்லை, மூக்கு. ஒரு பிடி மண்ணை அள்ளி, உள்ளங்கையில் நசுக்கி, கண்ணை மூடி மோந்து பார்ப்பார். தண்ணீர் தேங்கின மண், பட்டினி கிடக்கிற மண், சாணம் போட்டு ஒரு மாதமான மண் என்று சொல்லிவிடுவார். சங்கீதக்காரர்கள் சுருதியைப் பிடிக்கிற மாதிரி. குல்மொஹர் மரத்தடி மண்ணை மோந்துவிட்டு அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்த்து, அக்கா ஒருமுறை என் காதருகில், கல்யாணத்தன்றைக்குக்கூட இந்த மூஞ்சியைப் பார்க்கவில்லை என்று சொன்னார்.

எனக்கு இந்த மண் விஷயம் புரிந்தது இட்லி மாவால்தான். பூனாவில் குடியிருக்கிற தமிழர்களுக்கு டிசம்பர் என்றால் மாவு புளிக்காத மாதம். கம்பளி சுற்றி வைத்தாலும் மாவு அசையாது. ஏப்ரலில் அதே மாவு பாத்திரத்தை விட்டு எழுந்து மேடையில் நடக்கும். ஒருநாள் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது பனியன் சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அதேதானுங்க அம்மிணி மண்ணும்" என்றார்.

மண்ணுக்குள் இருக்கிற கோடானுகோடி உயிர்களும் மாவிலிருக்கிற உயிர்கள் மாதிரிதானாம். உதிர்ந்த இலையையும் செத்த வேரையும் தின்று, அதிலிருக்கிற சத்தைத் திரும்ப மரத்துக்கே எடுத்துக் கொடுக்கின்றன. தின்கிற எதுவும் மூச்சு விடும், மண்ணும் விடுகிறது. தின்றது போக ஒரு பங்கைக் கறுப்பு மக்காகச் சேர்த்தும் வைக்கிறது. சூடு ஏற ஏற மாவு பொங்குகிற மாதிரி மண்ணும் வேகமாக மூச்சு விட ஆரம்பித்துவிடும். சேர்த்து வைத்ததையும் தின்று கரியமிலவாயுவாக வெளியே விடும். அது போய் வானத்தை இன்னும் சூடாக்கும். "மாவு புளிச்சா நீங்க தோசை ஊத்திக்குவீங்க. மண்ணு புளிச்சா என்னங்க பண்ணறது?" என்று கேட்டார். அன்றைக்கு அக்கா கொடுத்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மண் விடுகிற மூச்சை அளப்பதற்காகவே அவர் மரத்தடியில் இரண்டு பாத்தி வைத்திருந்தார். ஒன்று சும்மா கிடக்கும். அது தாத்தா பாத்தி. இன்னொன்றைச் சுற்றிக் கண்ணாடிபோன்ற பலகைகளை நிறுத்தி, உள்ளே கொஞ்சம் கூடுதலாகச் சூடு தங்குகிற மாதிரி செய்திருந்தார். அது பேரன் பாத்தி. நம் பேரப்பிள்ளைகள் பெரியவர்களாகும்போது பூமி எவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைக்கிறோமோ அவ்வளவு சூடு. இரண்டின் மேலும் எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து, உள்ளே ஒரு கிண்ணத்தில் காரக் கரைசல் வைப்பார். மண் விடுகிற மூச்சை அந்தக் கரைசல் பிடித்துக்கொள்ளும். பிறகு வீட்டுக் குளியலறையில் சொட்டுச் சொட்டாக எதையோ ஊற்றி, எவ்வளவு மூச்சு என்று கணக்குப் பார்ப்பார். அக்காவின் முறுக்கு டப்பா, சீடை டப்பா எல்லாம் இப்படித்தான் காணாமல் போயின. தீபாவளிக்குப் பலகாரம் வைக்க இடமில்லாமல், டப்பாக்களை மீட்பதற்கு அக்கா ஒருமுறை கரண்டியுடன் மரத்தடிக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். வெறுங்கையோடுதான் திரும்பினார். மண் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது மூடியை எடுப்பது பாவமாகப் போய்விட்டதாம்.

தோட்டக்காரர் மாலி காக்கா, மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா, குளிர்காலத்தில் சருகைக் குவித்துக் கொளுத்துவது வழக்கம். ஒருநாள் பனியன் சார் போய் அந்தக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டார். கையில் பேப்பர். காக்கா தீப்பெட்டியுடன் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சினார். மரம் சம்பாதித்ததை மரத்துக்கே கொடு என்று மராத்தியில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார் சார். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் அங்கேயே போனது. கடைசியில் காக்கா தீப்பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் சருகு எரியவில்லை.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது கீழ்வீட்டில் இருவருக்கும் காய்ச்சல். நாங்கள் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு ஓடி வருவோம். அக்கா சீக்கிரம் தேறிவிட்டார். சார் இளைத்துப்போய் வெளியே வந்தார். வந்தவர் ஒரு புதுப் பழக்கத்துடன் வந்தார். காலையில் டப்பாவில் மண்ணை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மணி அடிப்பார். கதவு திறந்ததும் டப்பாவை நீட்டி, மோந்து பார்த்து என்ன தோன்றுகிறது என்று சொல்லச் சொல்வார்.

செம்புறை வீட்டுக்காரர் ஈர நாய் என்றார். வாட்ச்மேன் மண் என்றார். செயலாளர் நிமிர்ந்து நின்று மோந்துவிட்டு, மழைக்காலத்து ராணுவக் கூடாரம் என்று அறிக்கை கொடுத்தார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று மறுபடியும் பேச்சு கிளம்பியது. எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் மோந்துவிட்டு, மண்வாசனை சார் என்றேன். அவருக்குக் கோபம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "மண்ணுக்கு மண்வாசனைன்னா, சாம்பாருக்குச் சாம்பார் வாசனைங்களா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் கழித்து அக்கா மேலே வந்தார். சமையலறையில் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். அன்று காலை அவர் கடைக்குப் போயிருந்தபோது அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, வீடு முழுக்கப் புகை. சார் அடுப்பை ஒட்டின மேசையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவருக்கு மூக்கு போயிருச்சு அம்மிணி. காச்சல்லயே போயிருச்சு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கறாரு."

டாக்டரிடம் காட்டினார்களாம். வரும், வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். சாப்பாட்டுக்கு ருசி போனதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லையாம். விடியற்காலையில் மரத்தடிக்குப் போய்க் கை நிறைய மண்ணை வைத்துக்கொண்டு முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அக்கா கீரையை விட்டுவிட்டுத் தண்டை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை.

மறுநாள் காலை நானே கீழே போனேன். அவர் பாத்தியருகில் இருந்தார். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சரியாக மோந்து பார்க்கவில்லை சார், இன்னொரு தடவை கொடுங்கள் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு மரத்தடி மண்ணை ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டு மோந்தேன். எவ்வளவு யோசித்தும் மண்வாசனை என்ற வார்த்தைதான் வாசலில் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு இன்னும் ஆழமாக இழுத்தேன். சமையலறை ஞாபகம் வந்தது. பீட்ரூட் நறுக்கும்போது வருகிற மாதிரி இருக்கிறது சார் என்றேன்.

பனியன் சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மண்ணில் நூலிழைபோலப் படர்கிற ஒரு நுண்ணுயிர்தான் மழை பெய்ததும் வருகிற வாசனையைச் செய்கிறதாம். பீட்ரூட்டில் இருப்பதும் அதே பொருள்தானாம். இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதை மூக்காலேயே கண்டுபிடித்தவர் நான்தான் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வங்கியில் பதவி உயர்வு வந்தபோதுகூட இவ்வளவு பெருமையாக இருக்கவில்லை.

அதிலிருந்து காலை நேரத்தில் நான் அவருக்கு மூக்கு. புல்தரை மண், அடைத்துவைத்த டிபன்பாக்ஸ். சாக்கடையோரம், அவிந்த முட்டை. பேரன் பாத்தி கோடையில் வெந்த சாக்குப்பை மாதிரி இருந்தது. சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டார். அவர் ஒருபோதும் தன் மூக்கைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வங்கிக்குப் போனால் அங்கேயும் இதே வேலை. புது நோட்டுக் கட்டு, பழைய கோப்பு, ஏசி அறை என்று மனசு வார்த்தை தேடிக்கொண்டே இருக்கும்.

பிறகு ஒரு ஏப்ரல் மாதம் வந்தது. பூனாவில் மின்விசிறியே வேண்டியதில்லை என்று பெருமையடித்த பழைய ஆட்களெல்லாம் ஏசி வாங்க வரிசையில் நின்ற ஏப்ரல். கார்கள் பெருகிவிட்டன, நிறுத்த இடமில்லை, பின்பக்கம் முழுவதும் சிமெண்ட் கல் பதித்துவிடலாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் வந்தது. புல்தரை, சருகுக் குழி, தாத்தா பாத்தி, பேரன் பாத்தி எல்லாம் கல்லுக்கு அடியில் போகும். சார் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நின்று, முதல் மழை வரைக்கும் பொறுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். வறண்டு கிடந்த மண்ணில் முதல் தண்ணீர் பட்டதும் தூங்கிக்கொண்டிருந்த உயிர்களெல்லாம் ஒரே சமயத்தில் எழுந்துகொள்ளும், வருஷத்திலேயே பெரிய மூச்சு அன்றைக்குத்தான், அதைக் கடைசியாக ஒருமுறை அளந்துவிட்டால் போதும் என்றார். இந்தத் தடவை அவர் ஹிந்தி எல்லோருக்கும் புரிந்தது. செயலாளர் காலண்டரைப் புரட்டிவிட்டுச் சரி என்றார்.

அந்த வருஷம் மழை இழுத்தடித்தது. தினமும் மதியம் மேகம் கூடும், கலையும். ஒப்பந்தக்காரர் போன் செய்துகொண்டே இருந்தார். செயலாளர் இதோ அதோ என்று அவரைச் சமாளித்தார். சார் வெளியூர் போகவில்லை, கல்யாணங்களுக்குப் போகவில்லை, சாயங்காலம் காய் வாங்கக்கூட போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓடுதளத்துப் பக்கமிருந்து வானம் கறுத்தது. புழுதி கிளம்பியது. துணி எடுக்க நான் பால்கனிக்கு ஓடினேன். கீழே சார் குடையுடன் மரத்தடிக்கு ஓடிக்கொண்டிருந்தார். முதல் தூறல் மண்ணை நனைத்ததும் டப்பாக்களைக் கவிழ்த்தார். குடையை விரித்தார். டப்பாக்களுக்குப் பிடித்தார். அவர் நனைந்தார்.

அந்த வாசனை எழுந்தது. எல்லா பால்கனியிலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே அவர் ஒருவர் மட்டும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "வந்துருச்சுங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

வந்துவிட்டது சார் என்றேன். பீட்ரூட்டில் ஆரம்பித்தேன். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி என்றேன். ஊறவைத்த வெந்தயம், புதுப்பானை, எலுமிச்சைத் தோல், தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மழை சத்தத்தில் அவருக்குக் கேட்கட்டும் என்று கத்திச் சொன்னேன். என்ன நடக்கிறது என்று பக்கத்து பால்கனிப் பெண்மணி ஹிந்தியில் கேட்டார். மறைக்க எனக்கு வாய் வரவில்லை, சாருக்கு வாசனை தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்தம்மாள் கீழே எட்டிப் பார்த்து, சுடுமணலில் கடலை வறுக்கிற வாசனை என்று சொன்னார். மாடிப்படியில் ஒதுங்கியிருந்த மாலி காக்கா, கல்லிலிருந்து எடுத்த கம்பு ரொட்டி என்றார். செம்புறை வீட்டிலிருந்து, மீன் வலை காய்கிற கடற்கரை என்று வந்தது. செயலாளர் தன் பால்கனியில் பனியனோடு நின்று யோசித்து யோசித்துவிட்டு, லீவில் ரயிலை விட்டு இறங்கி நடந்து போகும்போது ஊர் எல்லையில் வருமே, அது என்றார். சார் குடையைப் பிடித்தபடி எல்லோரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வழிந்தது மழையா என்று மூன்றாம் மாடியிலிருந்து தெரியவில்லை.

சாயங்காலம் கணக்குப் பார்த்துவிட்டு மேலே வந்து சொன்னார். பேரன் பாத்தியின் மூச்சு இதுவரை இல்லாத அளவுக்கு இருந்ததாம். அவர் நினைத்தது சரியாகத்தான் போயிருக்கிறது. "செயிச்ச மாதிரியும் இருக்குதுங்க, தோத்த மாதிரியும் இருக்குதுங்க" என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் கல் பதித்தார்கள். கேட்டிலிருந்து ஆரம்பித்து குல்மொஹர் மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வேலை நின்றது. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் அவ்வளவுதான் இருக்கிறது என்றார் செயலாளர். அதை எழுதினவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அக்காவுக்கு முழங்கால் தேய்ந்து, தம்பி வீட்டுப் பக்கமாகப் போய்விடலாம் என்று முடிவாகித் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். லாரியில் சாமான் ஏறியது. டப்பாக்களை மட்டும் மரத்தடியிலேயே விட்டுவிட்டுப் போனார் சார். காக்கா அதில் விதை போட்டு வைத்திருக்கிறார். கீழ்வீட்டில் இப்போது கணினிப் பொறியாளர்களான ஒரு இளம் ஜோடி. நல்ல பிள்ளைகள். எதையும் புதைப்பதில்லை.

பூனாவில் முதல் மழை என்று டிவியில் சொன்னால் போதும், திருப்பூரிலிருந்து போன் வந்துவிடும். விமானம் போனால் காத்திருந்து, நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் உம் கொட்டிக் கேட்பார்.

போன தை மாதம் அக்கா கூப்பிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் புரியவில்லை. காலையில் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாராம். சார் பின்னால் வந்து நின்றவர், நகராமல் நின்றே இருந்தாராம்.

"தேங்காண்ணெய் கம்பெனிய மாத்திட்டியான்னு கேட்டாரு அம்மிணி. மாத்தித்தான் இருந்தேன்."

எண்ணெய்க்குப் பிறகு காபி வந்ததாம். பங்குனியில் மண்ணும் வந்துவிட்டதாம். அன்றைக்கு முழுக்க வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம், சாப்பிடக் கூப்பிட மனசு வரவில்லை என்றார் அக்கா. நான் என் வீட்டில் பாயசம் வைத்தேன்.

இந்த வருஷம் முதல் மழை ஒரு வேலை நாளில் வந்தது. வங்கியில் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் போய் ஒன்றைத் திறந்துவிட்டு நின்றேன். வார்த்தைகள் தயாராக இருந்தன. போன் வரவில்லை. அவர் மூக்கு திரும்பிவிட்டது, இனி எதற்குக் கூப்பிடுவார், நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபி போட்டு, குடிக்காமல் வைத்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

இங்கே மழை சார் என்றேன். டிவியில் பார்த்தாராம். கூப்பிட்டால் வேலையில் இருப்பேனோ என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். இனிமேல் என் மூக்கு உங்களுக்கு வேண்டியிருக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மூக்கு வந்தா என்னங்க அம்மிணி. பூனா மழை திருப்பூர் வரைக்கும் மணக்குமுங்களா? சொல்லுங்க."

பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்று, அவசரமில்லாமல் சொல்ல ஆரம்பித்தேன்.